தேவகவுடா திடீர்ப் பிரதமர் அல்ல
"தேவகவுடா வயலிலிருந்து நேராகப் பிரதமர் நாற்காலிக்குப் போனவர், எல்லாம் அதிர்ஷ்டம்" என்று தொண்டி அண்ணன் எழுதியிருப்பது தப்பு. விவசாயக் குடும்பம் என்பது உண்மைதான். ஆனால் சிவில் என்ஜினீயரிங் டிப்ளமா படித்தவர். 1962இல் கர்நாடகத்தின் ஹொளெநரசிபுரம் சட்டமன்றத் தொகுதியில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். அப்புறம் எதிர்க்கட்சித் தலைவர், நெருக்கடி நிலையில் சிறை, நீர்ப்பாசன அமைச்சர், 1994இல் கர்நாடக முதல்வர். 1996இல் பிரதமர் ஆகும்வரை 34 வருஷம் அண்ணே! ஆர்.எஸ். மங்கலம் பக்கம் மானாவாரியாக மிளகாய் போடும் வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அவர்களிடம் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடாதீர்கள். 1996 மக்களவைத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காததால், கூட்டணிக் கணக்கு அவருக்குக் கைகொடுத்ததை மறுக்கவில்லை. அந்தக் கணக்கில் நம் ராமநாதபுரம் உட்பட, தி.மு.க. அணி தமிழ்நாட்டில் வென்ற 39 தொகுதிகளும் இருந்தன.