கழிவையும் எடைபோடச் சொன்னால் ஏன் சிரிப்பு?

கழிவே உண்டாகாதபடி வினைகளை வடிவமைக்கும் பசுமை வேதியியலைத் தொடக்கத்திலிருந்தே நடத்த வேண்டும் என்று பாடத்திட்டக் கூட்டத்தில் கேட்டேன்; அங்கே நடந்ததைப் போன பதிவிலேயே புலம்பித் தீர்த்துவிட்டேன். ஆனாலும் "பசுமை வேதியியல்தானே, கடைசி அலகில் போடுங்கள், நேரம் இருந்தால் நடத்தலாம்" என்ற அந்தப் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை. கடைசி அலகுக்கு என்றைக்கு நேரம் இருந்திருக்கிறது?

1998-இல் அனஸ்டாஸ், வார்னர் என்ற இரு வேதியியலாளர்கள் பசுமை வேதியியலுக்கு 12 கோட்பாடுகளை எழுதினார்கள். அவற்றை ஒப்பிக்க வைத்து ஐந்து மதிப்பெண் கொடுத்தால் கடமை முடிந்ததா? கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட உண்டாக்காமல் இருப்பதே மேல் என்பதுதான் முதல் கோட்பாடு. கடைசி அலகில் அதைப் படிக்கப்போகும் மாணவர், அதற்குள் பருவம் முழுவதும் கழிவை உண்டாக்கி முடித்திருப்பார்.

கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் விட்டிக் வினையையே பாருங்கள். மூலக்கூறில் 14 நிறையுள்ள ஒரு மெத்திலீனைச் சேர்க்க, 278 நிறையுள்ள டிரைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடைக் கழிவாகத் தள்ளுகிறோம். வினைவழிமுறையைப் பலகை நிறைய வரைகிறோம். இந்த இரண்டு எண்களை எழுத மட்டும் இடம் இல்லையாம்.

சென்ற பருவச் செய்முறை வகுப்பில் ஒரு மாணவி, விளைபொருள் 90 விழுக்காடு வந்ததென்று காட்டினாள். பாராட்டினேன். அவள் நகரவில்லை. குரோமியம் கலந்த பச்சைக் கரைசல் கழிவுப் புட்டியின் கழுத்துவரை நிற்பதைக் காட்டி, "இது எந்தக் கணக்கில் வரும், மேடம்?" என்றாள். வினைபடுபொருள்களின் அணுக்களில் எவ்வளவு பங்கு விளைபொருளில் போய்ச் சேர்கிறது என்பதுதானே 1991-இல் வேதியியலாளர் டிராஸ்ட் சொன்ன அணுச் சிக்கனம்? கடைசி அலகில் சொல்கிறேன், பொறு என்று அவளை அனுப்பியிருக்க வேண்டுமா?

"முதலில் அடிப்படை வரட்டும்" என்பீர்கள். மூலக்கூறு நிறைகளைக் கூட்டி வகுப்பது அடிப்படை இல்லாமல் வேறென்ன? வலிநிவாரணி மருந்தான இபுபுரூஃபனின் பழைய தயாரிப்பு முறையில் 6 படிகள், அணுச் சிக்கனம் சுமார் 40%. பின்னால் வந்த முறையில் 3 படிகள், 77%. மாணவர்களே அரை மணி நேரத்தில் போட்டுவிடும் கணக்கு இது.

"ஆக்சிஜனேற்றத்துக்குக் குரோமியத்துக்குப் பதில், வெளுப்பானில் உள்ள ஹைப்போகுளோரைட் என்கிறீர்களே, அமிலம் பட்டால் குளோரின் வராதா?" வரும். அதையும் சேர்த்து எடைபோடத்தான் கற்றுக்கொடுக்கச் சொல்கிறேன். செலவு பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை; கரைப்பானை வாங்கவும் பணம், அப்புறப்படுத்தவும் பணம் என்பது அவர்களுக்கே தெரியும்.

உண்மையில் என்னைச் சுட்டது பாடத்திட்டம் அல்ல. "மரக்கன்று நடும் விழாவுக்கு மேடத்தைக் கூப்பிடலாம்" என்று ஒருவர் சொன்னதும் மேசையே சிரித்ததே, அதுதான். இத்தனை ஆண்டுகள் கரிம வேதியியல் நடத்தியவளுக்குக் கிடைத்த மரியாதை!

அடுத்த வாரச் செய்முறைப் பதிவேட்டில், விளைபொருளின் எடைக்குப் பக்கத்தில் கழிவின் எடைக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதற்கும் குழுவின் அனுமதி வேண்டுமென்றால் கடிதம் அனுப்பட்டும்.