இரண்டு கோடு

(சிங்கப்பூர், ஈசூன். மூவறை வீடு. இரவு எட்டு மணி. ஒரு கையில் லட்டு டப்பா, மறு கையில் சோதனைப் பட்டையுடன் சேகர் நுழைகிறான்.)

சேகர்: மீனா! ரெண்டு கோடு! ஆறு மணிக்கே பாத்தேன், நேரா தேக்கா போய் லட்டு வாங்கிட்டு வர்றேன்!

மீனா: ஐயோ, அது கர்ப்பம் பாக்குற பட்டை இல்லங்க. முட்டை எப்ப வெளிய வரும்னு பாக்குறது.

சேகர்: ரெண்டு கோடு ரெண்டு கோடுதானே?

மீனா: முட்டையை வெளிய அனுப்புற எல்ஹெச் ஹார்மோன் எப்பவும் கொஞ்சம் இருக்கும், அதனால ரெண்டாவது கோடு மங்கலா தெரியத்தான் செய்யும். பக்கத்துக் கோடு அளவுக்குக் கருத்தாதான் கணக்கு. கருத்ததுக்கு அப்புறம் 24லேருந்து 36 மணி நேரத்துல முட்டை வரும்.

சேகர்: அப்ப நேத்து ஏன் கருக்கல?

மீனா: நீங்க வாங்கிக் குடுத்த ரெண்டு இளநி! பாக்குறதுக்கு முன்னாடி 2 மணி நேரம் அடக்கி வெச்சு, தண்ணியும் குறைச்சுக்கணும். இல்லன்னா எல்லாம் நீர்த்துப் போயிடும்.

சேகர்: 14ஆவது நாள்னு நீதானே சொன்ன? அதுக்காக மாசாமாசம் 14ஆம் தேதி நைட் ஷிஃப்டை ஆளைக் கெஞ்சி மாத்திட்டு வர்றேன்.

மீனா: தேதியா! (தலையில் கை வைக்கிறாள்.) அடுத்த மாதவிலக்குக்கு 14 நாள் முன்னாடிங்க. எனக்கு 32 நாள் சுத்து. 14 போனா 18. அதுவும் உத்தேசம்தான். உங்க ஆளுங்க உள்ள 5 நாள்கூட தாக்குப்பிடிப்பாங்க, முட்டை ஒரு நாளுக்கு மேல நிக்காது. அதனால முன்னாடியே ஒண்ணுவிட்டு ஒரு நாள்...

சேகர்: மெதுவா! காரிடார் ஜன்னல் திறந்திருக்கு.

மீனா: நான் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினம் விழுங்குறேன். நீங்க என்ன செஞ்சீங்க?

சேகர்: உனக்கு தினம் மூணு கோப்பி ஓ கோசோங் வாங்கித் தரேனே.

மீனா: கோசோங்னா சீனிதான் இல்ல, காஃபீன் அப்படியே இருக்கு! எனக்கு நாளைக்கு 200 மில்லிகிராம்தான் எல்லை. கோப்பிக்கடைக் கொட்டை பெரும்பாலும் ரொபஸ்டா வகை, அதுல காஃபீன் அராபிகா வகையைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. சரி, உங்க சிகரெட்?

சேகர்: இன்னைக்கே விட்டுட்டேன். நாளைக்கே சரியாயிடும்ல?

மீனா: விந்தணு உருவாகி வர ரெண்டரை மாசம். தேசிய தினத்துல விட்டா தீபாவளிக்குத்தான் பலன். இதுல ராத்திரி பூரா லேப்டாப் வேற மடியில.

சேகர்: மடிக்கணினினு பேர்லயே மடி இருக்கே!

மீனா: அந்த இடம் உடம்புச் சூட்டைவிட 2, 3 டிகிரி குறைவா இருக்கணும். அதுக்காகத்தான் ஆண்டவன் வெளியில தொங்கவிட்டிருக்கான். மேசைக்கு மாத்துங்க.

(சேகர் பட்டையை விளக்கடியில் பிடிக்கிறான்.)

சேகர்: ஆனா இது நல்லா கருத்திருக்கே?

மீனா: ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்கக் கூடாது, காய்ஞ்சா கோடு மாறும். நான் அஞ்சாவது நிமிஷமே பாத்துட்டேன். (வெட்கம்.) கருத்துதான் இருந்துச்சு. இன்னைக்கும் நாளைக்கும் ஷிஃப்ட் இல்லதானே?

(சேகர் முகம் வெளிறுகிறது.)

மீனா: என்னங்க?

சேகர்: ஆறு மணிக்கே அம்மாகிட்ட சொல்லிட்டேன். ரயில்ல பக்கத்து ஸ்டேஷன் காத்திப்பையே தாண்டிட்டாங்களாம்.

மீனா: எத்தனை நாளைக்கு வர்றாங்க?

சேகர்: பத்து மாசத்துக்குத் துணி எடுத்திருக்காங்களாம்.