ஆடியில் புறப்பட்ட புது ஜோடி

அறுபது வயதுக்கு மேல் கல்யாணம் செய்துகொண்டவர்களையும் விருந்துக்கு அழையுங்கள். வந்தால் ஒரே அறையில் படுக்க வையுங்கள். இந்த இரண்டையும் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

எனக்கு வயது 62, அவருக்கு 66. இருவருமே துணையைப் பறிகொடுத்தவர்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். வாட்ஸ்அப்பில் மாலை, பூங்கொத்து, கைகூப்பும் படம் என்று வந்து குவிந்தன. 'வீட்டுக்கு வாங்க, ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போங்க' என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. என் மகள் கல்யாணத்தின்போது விருந்து அழைப்புகளுக்கு நாள் ஒதுக்க முடியாமல் திண்டாடினோம். அதே சொந்தங்கள்தான். கெட்டவர்கள் இல்லை, கூச்சம். இந்த வயதில் இவர்களை எப்படி 'புதுப்பெண், மாப்பிள்ளை' என்று உட்கார வைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் நாங்களே போன் போட்டு, வருகிறோம் என்று சொல்லிவிட்டோம்.

கிளம்பியது ஜூலைக் கடைசியில். தமிழ்நாட்டுத் தோழி ஒருத்தி பதறிப்போய்க் கேட்டாள்: ஆடியில் புது ஜோடியைப் பிரித்துத்தானே வைப்பார்கள்? ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகும் என்ற கவலையில் வந்த வழக்கம் என்பார்கள். எங்கள் ஊரில் சித்திரை என்பது இலையுதிர் காலம், நல்ல இதமான மாதம். அப்புறம், எங்கள் வயதில் அந்தக் கவலையும் இல்லை! இங்கே ஆடி என்றால் குளிர். மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் பூசை நடக்கும் காலம். சூடான கூழ் தொண்டையில் இறங்கும்போதுதான் இந்த மாதத்துக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். இளசுகள் ஒரே மூச்சில் ஓட்டிவிடுவார்கள். எங்களுக்கு முழங்கால் இருக்கிறது, இரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது, அடிக்கடி நிறுத்த வேண்டிய தேவையும் இருக்கிறது. ரொட்டியில் சுருட்டிய உருளைக்கிழங்குக் கறி, அவித்த முட்டை, பிளாஸ்க்கில் டீ, இரண்டு கம்பளி எல்லாம் ஏற்றிக்கொண்டோம். கம்பளி ஆடம்பரம் இல்லை. 2024 செப்டம்பரில் இந்த வழியில் உள்ள வான் ரீனன் மலைக் கணவாயில் பெய்த பனியில் வண்டிகள் நகர முடியாமல் இரவெல்லாம் நின்றது நினைவிருக்கும். குளிர்காலத்தில் சாலை நிலவரம் பார்க்காமல் மலை ஏறாதீர்கள். ஆறு மணிக்குள் இருட்டிவிடும், லாரிகளோ வரிசை வரிசையாக வரும். காய்ந்த புல்லுக்கு வைத்த தீயின் புகை சில இடங்களில் சாலையையே மறைக்கும்.

முதல் நிறுத்தம் பீட்டர்மாரிட்ஸ்பர்க், அவருடைய அக்கா வீடு. நண்டுக் கறி, தால், புளிச்சகீரை என்று அருமையான சாப்பாடு. ராத்திரி ஆனதும் அக்கா என்னைப் பேத்திகளின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் கணவருக்கு ஹாலில் சோபா, மேலே ஒரு போர்வை. யாரும் எதுவும் விளக்கவில்லை. பெரியவர்கள் வந்தால் பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே என்ற பழக்கத்தில் நடந்தது. நான் நேராகவே கேட்டேன்: "அக்கா, உங்க தம்பிக்கு என்னைத்தானே கட்டி வச்சீங்க?" பேத்திகள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். அக்கா முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்து, தன் அறையையே எங்களுக்கு விட்டுக் கொடுத்தார். இதைப் படிக்கும் மருமகள்களே, மகன்களே, இதை எங்களைக் கேட்க வைக்காதீர்கள். எல்லாராலும் கேட்க முடியாது. சோபாவிலேயே படுத்துவிட்டு, முதுகு வலியோடு ஊர் திரும்புவார்கள்.

அடுத்தது லேடிஸ்மித். அங்கே இருப்பது என் முதல் கணவரின் தம்பி. 'அங்கே எதற்கு, அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும்' என்று பலர் தடுத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் எனக்குக் கொழுந்தனாக இருந்தவர், இன்னொரு கல்யாணம் ஆனதும் யாரோ ஆகிவிடுவாரா? இந்தக் கணக்கு எனக்குப் புரிவதில்லை. ஆண் மறுமணம் செய்தால் இறந்த மனைவியின் வீட்டார் 'மாப்பிள்ளை' என்றே கூப்பிடுவார்கள். பெண் செய்தால் மட்டும் ஒரு பக்கத்து உறவு முழுவதையும் கழற்றிவிட வேண்டுமாம். போனோம். கொழுந்தன் வாசலிலேயே நின்றிருந்தார். சாப்பாட்டில் முதல் கரண்டி கறியை இவர் தட்டில்தான் போட்டார். பிறகு இருவரும் கால்பந்து பேச ஆரம்பித்து, என்னை மறந்தேபோனார்கள்.

மலை ஏறி இறங்கினால் ஃப்ரீ ஸ்டேட் மாநிலம். ஹாரிஸ்மித்தில் சொந்தம் யாரும் கிடையாது, ஒரு தங்கும் விடுதியில் அறை எடுத்தோம். 'லேடிஸ்மித்திலேயே தங்கக் கூடாதா, பணத்தைக் கொட்டணுமா' என்று அக்கா போனில் திட்டினார். அந்தத் திட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த மாநிலத்தில் 1891-இல் வந்த சட்டத்தால் இந்தியர் குடியிருக்க முடியாது. 1980களின் நடுப்பகுதி வரை அது நீடித்தது. கடந்து போகலாம், தங்கக் கூடாது. டர்பன் இருக்கும் நேட்டாலிலிருந்து, ஜோகன்னஸ்பர்க் அப்போது இருந்த டிரான்ஸ்வாலுக்குப் போகவே 1970களின் நடுப்பகுதி வரை அனுமதிச் சீட்டு வேண்டும். இவருடைய அப்பா பிள்ளைகளுக்குக் காரிலேயே சோறு கொடுத்து, நிற்காமல் ஓட்டியிருக்கிறார். ஹோட்டல் கதவுகள் நமக்கு மூடியிருந்ததால்தான் வழியெல்லாம் சொந்தக்காரர் வீடு தேடினோம். அது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் இப்போது கதவு திறந்திருக்கிறது. வயதான புது ஜோடிக்கு, பேத்தி பேரன் இல்லாமல், யாருக்கும் டீ போடாமல், ஓர் இரவு வேண்டும். வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர். காலை பத்து மணி வரை தூங்கினோம்.

கடைசியாக ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா, அவர் மகன் வீடு. மரியாதையில் குறையே இல்லை. ஆனால் ஹால் சுவரில் ஓர் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, கீழே விளக்கு மாடம். அவருடைய முதல் மனைவியின் படத்தை என் வருகைக்காகக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பையனுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! படத்தைக் கொண்டுவரச் சொல்லி நானே பூ வைத்தேன். எங்கள் வீட்டிலும் இரண்டு படங்கள் மாட்டியிருக்கின்றன; அவர்களை மறைத்து வைத்து இந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

அன்று ராத்திரிதான் சொத்துப் பேச்சு வந்தது. வரட்டும், அது நியாயமான கவலை. இந்த நாட்டில் ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் கல்யாணம் செய்தால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். வேண்டாம் என்றால் கல்யாணத்துக்கு முன்பே நோட்டரி முன்னால் ஆன்டிநப்ஷியல் ஒப்பந்தம் கையெழுத்திட்டு, பத்திர அலுவலகத்தில் பதிய வேண்டும். நாங்கள் அதைச் செய்திருந்தோம். உயிலும் புதிதாக எழுதியிருந்தோம். இன்னொன்று: தாலி கட்டினால் மட்டும் சட்டப்படி கல்யாணம் ஆகாது. நடத்தி வைக்கும் குருக்கள் அரசு அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை அலுவலகத்தில் பதிய வேண்டும். காகிதங்களைப் பையனிடமே காட்டினோம். நாசூக்கு பார்த்து இதை ஒளித்து வைக்கும் பெற்றோர்கள்தான் பிள்ளைகளுக்குள் சண்டை மூட்டுகிறார்கள்.

திரும்பி வந்ததும் என் மகள் ஒரு பையோடு வந்தாள். தலை ஆடிக்கு மாப்பிள்ளைக்குச் சீர் செய்வது பெண் வீட்டார் வேலை. எனக்கு அம்மா அப்பா இல்லாததால் அதை அவள் எடுத்துக்கொண்டாளாம். உள்ளே குளிருக்கு ஒரு ஜாக்கெட், கை மட்டும் நாலு விரல் நீளம் அதிகம். மாற்றிவரலாம் என்றால் இவர் கழற்ற மாட்டேன் என்கிறார்.