கோனானை உருவாக்கியது ஃபிரசெட்டாவா?

வாளை ஊன்றி நிற்கும் முரட்டு வீரன், காலடியில் ஒரு பெண். இந்த ஓவியத்துடன், 'கோனான் பாத்திரத்தை உருவாக்கியவர், முதலில் வரைந்தவர் ஃபிராங்க் ஃபிரசெட்டா' என்று ஒரு பதிவு சுற்றுகிறது. கோனான், வாள்வீச்சும் மந்திரமும் கலந்த சாகசக் கதைகளின் நாயகன்; ஃபிரசெட்டா, அமெரிக்க ஓவியர். ஓவியம் அவருடையதுதான். மற்ற இரண்டும் தவறு.

கோனானை எழுதியவர் டெக்சாஸ்காரரான ராபர்ட் ஈ. ஹோவர்ட். முதல் கதை 'வியர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்க மாயக்கதை இதழில் 1932 டிசம்பரில் வந்தது. 1928-இல் பிறந்த ஃபிரசெட்டாவுக்கு அப்போது நாலு வயசு!

சரி, முதலில் வரைந்ததாவது அவரா? அதுவும் இல்லை. அதே இதழின் 1934 மே அட்டையிலேயே கோனான் இருக்கிறான். வரைந்தவர் மார்கரெட் பிரண்டேஜ். கை பட்டாலே கலையும் பாஸ்டல் என்ற வண்ணக்கட்டியில்தான் அவர் அட்டைகளைத் தீட்டினார். 'எம். பிரண்டேஜ்' என்றே கையெழுத்திட்டதால், வரைவது பெண் என்பது வாசகர் பலருக்குத் தெரியாது. இந்த வதந்தியில் காணாமல் போவது அவர் பெயர்தான். எனக்கு அதுதான் உறுத்தல்.

ஃபிரசெட்டா வந்தது 1966-இல், லான்சர் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்பு அட்டைகளுக்காக. ஹோவர்ட் இறந்து 30 வருஷம் ஆகியிருந்தது. ஆனால் இன்று கோனான் என்றதும் நம் கண்முன் வரும் தசைமலை உருவம், பெரும்பாலும் ஃபிரசெட்டாவின் தூரிகை தந்ததுதான்.