சென்சாரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு கராஜ் கதவு மூன்று நாளாகப் பாதி இறங்கி மறுபடி மேலே ஏறிக்கொள்கிறது, மழை வேறு. வந்த மெக்கானிக் பார்த்ததும் சொன்னது, "சென்சாரைக் கழற்றிடலாம் சார், தொல்லை விட்டது." எப்படி மனசு வருகிறது? குறுக்கே குழந்தை ஓடினால் கதவை மறுபடி மேலே ஏற வைப்பதே அதுதானே! அப்புறம் மேலே இருக்கும் ஸ்பிரிங்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பப் போனார். கதவின் எடையைத் தாங்கி முறுக்கேறி நிற்பது அது, நழுவினால் கையே போய்விடும், அதற்கென்று பழகியவர்தான் தொட வேண்டும்.

அவரை அனுப்பிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, தரையிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு சென்சார்களையும் பார்த்தேன். ஒன்றில் சேறு, இன்னொன்று செருப்பு ஸ்டாண்டு இடித்துத் திரும்பியிருந்தது. துடைத்து நேராக்கி, பிளக்கை மாட்டினேன், கதவு இறங்கிவிட்டது.