பொம்மைக்கு முளைத்த தாடி

(இரண்டு தோட்டங்கள், நடுவில் இடுப்பளவு வேலி. அந்தப் பக்கம் செண்பகம். நான்கு தேனீப் பெட்டி, ஆறு கோழி, எண்ணி மாளாத நாற்றுத் தொட்டிகள். இந்தப் பக்கம் சிவராமன். கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; அவருடைய பேனா இன்னும் பெறவில்லை. கையில் நீள நோட்டு, தலையில் கறுப்புக் கம்பளிக் குல்லா. குளிர் விட்டு வெயில் ஏறுகிற நாட்கள். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வருஷத்தில் உட்கார நேரமில்லாத காலம் இதுதான். சண்டைக்கு மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடும்.)

சிவராமன்: ஏம்மா செண்பகம், கொஞ்சம் வேலியோரம் வா. கணக்குப் பாக்கணும்.

செண்பகம்: கையெல்லாம் மண்ணுண்ணே. நீங்க வாசிங்க, நான் கேட்டுக்கிட்டே நடுறேன்.

சிவராமன்: உருப்படி ஒண்ணு. குளிர் விட்டு முதல் வெயில் அடிச்ச அன்னிக்கு, கொடியில காஞ்ச வெள்ளைப் படுக்கை விரிப்பு. மேல மஞ்சள் புள்ளி. மொத்தம் 43.

செண்பகம்: எண்ணினீங்களா?

சிவராமன்: ரெண்டு தடவை. முதல்ல 42 தான் வந்துச்சு. விட்டுப்போனது தலையணை உறையில இருந்துச்சு.

செண்பகம்: பாவம்ணே தேனீங்க. கூட்டுக்குள்ள அசிங்கம் பண்ணாது. குளிர்ல வெளிய வர முடியாம வாரக்கணக்கா அடக்கிக்கிட்டுக் கிடக்கும். வெயில் வந்ததும் மொத்தமாப் பறந்து வரும்.

சிவராமன்: வந்து?

செண்பகம்: வந்து... அதான் 43.

சிவராமன்: அன்னிக்குத்தான் வரணுமா?

செண்பகம்: அன்னிக்குத்தான் துவைக்கணுமா? முதல் வெயில்னா உங்களுக்கு அவசரம். அதுங்களுக்கு அதைவிட அவசரம்.

சிவராமன்: அதைக் கணக்குல எழுத முடியாது. உருப்படி ரெண்டு. பூசணிப் பூவுல அத்துமீறல். தினமும் விடிஞ்சதும் உன் தேனீ ஒவ்வொண்ணும் என் பூசணிப் பூவுக்குள்ள தலைகுப்புற விழுந்து கிடக்கு. உடம்பு முழுக்க மஞ்சப்பொடி. கேக்குறதில்ல, சொல்றதில்ல. நான் சும்மா இருப்பேனா? போன வாரம் கொடி மேல கொசுவலை போட்டுட்டேன்.

(செண்பகம் நாற்றைக் கீழே வைக்கிறார்.)

செண்பகம்: முழுக் கொடிக்குமா?

சிவராமன்: நாலு பக்கமும் கல்லு வெச்சு.

செண்பகம்: காய் பிடிச்சுதா?

சிவராமன்: அது வேற விஷயம். பிஞ்சு வருது, விரலளவு வந்ததும் மஞ்சளாகி உதிருது. உரம் போதலைன்னு நினைக்கிறேன்.

செண்பகம்: உரமெல்லாம் போதும். மாப்பிள்ளை போதலை.

சிவராமன்: என்னம்மா பேச்சு இது?

செண்பகம்: பூசணியில ஆண் பூ வேற, பெண் பூ வேறண்ணே. அடியில குட்டிப் பிஞ்சோட நிக்கிறது பெண் பூ. ஒல்லிக் காம்புல நிக்கிறது ஆண் பூ. இதோட பொடி அதுக்குப் போய்ச் சேரணும். பிசுபிசுன்னு ஒட்டுற பொடி, காத்துல போகாது. தேனீ மாதிரி ஒண்ணுதான் தூக்கிட்டுப் போகணும். நீங்க தூக்குறவனை வெளிய நிறுத்திப் பூட்டிட்டீங்க.

சிவராமன்: வலையை எடுக்க மாட்டேன். கொள்கைன்னு ஒண்ணு இருக்கு.

செண்பகம்: அப்ப அந்த வேலையை நீங்கதான் பாக்கணும். விடிகாலையில ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, நடுத்தண்டை பெண் பூவுக்குள்ள மெதுவாத் தடவணும். உச்சிவேளைக்குள்ள பூ மூடிக்கும், அதனால சீக்கிரம்.

சிவராமன்: என் வீட்டுக்காரி ஜன்னல் வழியாப் பார்த்தா என்னம்மா நினைப்பா?

செண்பகம்: விடியக்காலம், கொசுவலைக்குள்ள நீங்க, கையில ஒரு பூ. தப்பா ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. யாருக்குன்னு மட்டும் கேப்பாங்க.

(சிவராமன் நோட்டில் ஏதோ அடிக்கிறார். பிறகு தலை நிமிர்கிறார். ஒரு துருப்புச் சீட்டு கிடைத்துவிட்டது.)

சிவராமன்: தக்காளி! என் தக்காளிச் செடி உன் தேனீயோட தயவு இல்லாமத்தானே காய்ச்சிருக்கு?

செண்பகம்: அது நிஜம். தக்காளிப் பூவை உலுக்கினாத்தான் பொடி கொட்டும். காத்து ஆட்டினாலே போதும். கறுப்பா, தடியா ஒரு வண்டு மாதிரித் தேனீ வரும் பாருங்க, அது பூவைப் பிடிச்சுக்கிட்டு உடம்பை அதிர வெச்சு உலுக்கும். நம்ம பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

சிவராமன்: ஆக, உன் ஆளுக்குத் தெரியாத வேலையும் உண்டு. எழுதிக்கிறேன். (எழுதுகிறார். இந்த ஒரு வரியை மட்டும் அடிக்கோடு போடுகிறார்.) உருப்படி மூணு. என் பூவுல எடுத்த தேன்ல எனக்குப் பங்கு.

செண்பகம்: தாராளமா. ஒரு டீஸ்பூன் தேன் சேர சுமார் 12 தேனீ ஆயுசு முழுக்க உழைக்கணும். உங்க பூவுக்கு வந்தது எத்தனைன்னு எண்ணி வெச்சிருப்பீங்களே?

சிவராமன்: இரு இரு. ஒரு ஆளோட ஆயுசுக்கால வருமானம் டீஸ்பூன்ல பன்னிரண்டுல ஒரு பங்கா?

செண்பகம்: ஆமா. வேலை மும்முரமா இருக்கிற இந்த மாதிரி நாள்ல ஆயுசே ஆறு வாரம்தான். முதல் பாதி கூட்டுக்குள்ள. பெருக்குறது, குழந்தைக்கு ஊட்டுறது, அடை கட்டுறது. மறுபாதிதான் வெளி வேலை.

சிவராமன்: ஓய்வூதியம்?

செண்பகம்: ஓய்வே கிடையாது, அப்புறம் எங்க ஊதியம்? றெக்கை கிழியிற வரைக்கும் பறக்கும்.

சிவராமன்: (மனம் கனத்து) ஆம்பிளைத் தேனீ எதுவும் கை கொடுக்குறதில்லையா?

செண்பகம்: அதுக்குப் பூவுக்குப் போகத் தெரியாது. கொட்டக்கூடத் தெரியாது, கொடுக்கே கிடையாது. நல்லாச் சாப்பிடும், மத்தியானமா வெயில்ல ஒரு சுத்து பறந்துட்டு வரும். கருவுறாத முட்டையிலேர்ந்து வர்றதுண்ணே அது. அப்பா கிடையாது. ஆனா தாத்தா உண்டு.

சிவராமன்: அப்பா இல்லாம தாத்தாவா?

செண்பகம்: அம்மாவோட அப்பா.

சிவராமன்: செல்லாது. படிவத்துல தகப்பன் பேர் இருக்கிற இடத்துல கோடு போட முடியாதும்மா. அப்படி வந்ததை எல்லாம் நான் திருப்பி அனுப்பியிருக்கேன்.

(திடீரென்று ஒரு இரைச்சல். மாவரைக்கிற இயந்திரம் வானத்தில் ஓடுவது போல. செண்பகத்தின் மூன்றாவது பெட்டி வாசலில் தேனீக்கள் தண்ணீராகக் கொட்டிப் புகையாக எழும்புகின்றன. கோழிகள் ஆறும் பந்தலுக்கடியில் போய் ஒளிகின்றன. சிவராமன் நோட்டை விரித்துத் தலைமேல் கவிழ்த்துக்கொள்கிறார்.)

சிவராமன்: கேஸ் போட்டேன்னு படை திரட்டிட்டாங்களாம்மா?

செண்பகம்: அசையாதீங்க. கூட்டம் பிரியுது. வசந்தத்துல இப்படித்தான். பெட்டிக்குள்ள நெரிசல் ஆச்சுன்னா, மகளுக்கு வீட்டையும் சரக்கையும் விட்டுட்டு பழைய ராணி பாதிப் படையோட கிளம்பிடும்.

சிவராமன்: பத்திரம் எழுதாமலா?

செண்பகம்: ஷ்ஷ். எங்க உக்காருதுன்னு பாக்கணும். அண்ணே... உங்க காக்கா விரட்டுற பொம்மைக்குத் தாடி முளைக்குது.

(உண்மைதான். சிவராமனின் பழைய அலுவலகச் சட்டை மாட்டிய வைக்கோல் பொம்மையின் மோவாயில் கைப்பிடி அளவாகத் தொடங்கிய தாடி மார்பைத் தாண்டி, சட்டைப் பையை மூடி, தொப்புள் வரை தொங்குகிறது. தாடி மூச்சு விடுகிறது.)

சிவராமன்: என் சட்டை! போகச் சொல்லும்மா. உன் தேனீதானே!

செண்பகம்: வேலி தாண்டினது அதுங்களா இஷ்டப்பட்டு. அதோ, மேல ரெண்டு மூணு வாலை ஆட்டிக்கிட்டு ஓடுது, தெரியுதா? வீடு பார்க்கப் போன தேனீ. பாத்த இடத்தை ஆடிக் காட்டுது. இந்த ஆட்டத்துக்கு அர்த்தம் கண்டுபிடிச்ச கார்ல் வான் பிரிஷுக்கு 1973-ல நோபல் பரிசே குடுத்தாங்க.

சிவராமன்: ஆடினதுக்கு?

செண்பகம்: பாத்ததுக்கு.

சிவராமன்: ஆடினவங்களுக்கு ஒண்ணும் இல்லையா! எல்லா ஆபீஸும் ஒரே லட்சணம்தான். சரி, என்ன சொல்லுது?

செண்பகம்: நேர் மேல பார்த்து ஆடினா சூரியன் இருக்கிற திசையில வீடுன்னு அர்த்தம். நேர் மேலதான் ஆடுது. சூரியன் எங்க இருக்கு?

சிவராமன்: என் வீட்டுக்கு மேல.

செண்பகம்: ஆட்டத்தை வேற சுருக்கா முடிக்குது. அப்படின்னா பக்கத்துலதான். உங்க வீட்டுல பொந்து மாதிரி, சின்ன வாசலோட, இருட்டா ஏதாவது காலியா இருக்கா?

சிவராமன்: (குரல் இறங்கி) தாழ்வாரத்துல மரப்பீரோ. கதவுல ஒரு ஓட்டை. பாதிதான் காலி. மீதிப் பாதியில என் 31 வருஷக் கணக்கு நோட்டும்மா!

செண்பகம்: அதுங்களுக்கு மெழுகு ஒட்ட நல்ல இடம்.

சிவராமன்: என்ன செய்யணும் சொல்லு. எதுன்னாலும் செய்றேன்.

செண்பகம்: முதல்ல அந்தக் குல்லாவைக் கழட்டுங்க. கறுப்பா, முடியோட இருந்தா கரடின்னு நினைச்சுக்கும்.

(குல்லா பறக்கிறது.)

செண்பகம்: அப்புறம் உங்க சட்டைப் பையில என்ன?

சிவராமன்: வாழைப்பழம். பதினோரு மணிக்கு...

செண்பகம்: தூரப் போடுங்க! தேனீ கொட்டினா மத்தவங்களைக் கூப்பிட ஒரு வாசனை விடும். அது வாழைப்பழ வாசம் மாதிரியே இருக்கும். நீங்க சண்டைக்கு அழைப்பிதழோட நிக்கிறீங்க.

(வாழைப்பழம் குல்லாவைவிடத் தொலைவு போகிறது. கோழி ஒன்று பயத்தை மறந்து அதன் பின்னே ஓடுகிறது.)

செண்பகம்: பயப்படாதீங்க. கிளம்பும்போது வயிறு முட்டத் தேன் குடிச்சிருக்கும், காப்பாத்தக் கூடும் கிடையாது. இப்ப அவ்வளவு லேசுல கொட்டாது. கீழ விரிக்க வெள்ளைத் துணி ஒண்ணு வேணும்.

சிவராமன்: வெள்ளைத் துணி... இருக்கு.

(உருப்படி ஒண்ணு உள்ளேயிருந்து வருகிறது. பொம்மைக்கு அடியில் விரிக்கிறார்கள். செண்பகம் முகவலையை மாட்டிக்கொண்டு காலிப் பெட்டியை சிவராமன் கையில் கொடுக்கிறார்.)

செண்பகம்: தாடிக்குக் கீழ பிடிங்க. நான் பொம்மையை ஒரே உலுக்கு. கண்ணை மூடிக்கணும்னா மூடிக்கோங்க, பெட்டியை மட்டும் விடக் கூடாது.

சிவராமன்: தக்காளிக்காரன் உலுக்குற மாதிரியா?

செண்பகம்: அதே. ஒண்ணு... ரெண்டு...

(தொப். ஈரத் துண்டு விழுந்த சத்தம். பாதி பெட்டிக்குள், கொஞ்சம் விரிப்பில், மிச்சம் சிவராமனைச் சுற்றி. பெட்டியைக் கீழே வைத்து, ஒரு ஓரத்தைக் கல்லால் தூக்கி நிறுத்துகிறார்கள்.)

செண்பகம்: இப்ப வாசலைப் பாருங்க. வாலைத் தூக்கிக்கிட்டு றெக்கையை விசிறுதுல்ல? எல்லாரும் இங்க வாங்கன்னு வாசனை காட்டுது. ராணி உள்ள விழுந்துடுச்சு. இனி ஒண்ணும் செய்ய வேண்டாம், அதுங்களே நடந்து போயிடும்.

(போகின்றன. வெள்ளை விரிப்பின் மேல், மஞ்சள் புள்ளிகளை மிதித்துக்கொண்டு, திருவிழாக் கூட்டம் வாசலுக்குள் நுழைவது போல ஒரே திசையில். சிவராமன் மண்டி போட்டுக் குனிந்திருக்கிறார். வெகுநேரம் பேச்சே இல்லை.)

செண்பகம்: அண்ணே, கால் மரத்துப்போகும்.

சிவராமன்: பேசாதே. 1,260... 61... 62...

(இருட்டும் வேளை. கடைசித் தேனீயும் உள்ளே. செண்பகம் பெட்டியைத் தூக்க வருகிறார். சிவராமன் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிறார்.)

சிவராமன்: எங்க எடுத்துட்டுப் போற?

செண்பகம்: என் பெட்டிப் பக்கம்.

சிவராமன்: என் நிலம். என் பொம்மை. என் சட்டை. என் விரிப்பு. உன்னோடது பெட்டி மட்டும்தான், அதுக்கு வாடகை தர்றேன். இவங்க புது இடத்துல இருப்பாங்களா, பழைய வீட்டுக்கே ஓடிடுவாங்களா?

செண்பகம்: பிரிஞ்சு வந்த கூட்டம் பழைய வீட்டைத் தேடாது. எங்க வெச்சாலும் இருந்துக்கும்.

சிவராமன்: அப்ப பூசணிக்குப் பக்கத்துல இருக்கட்டும். வலையைக் காலையில எடுத்துடுறேன். ஆஹ்!

செண்பகம்: என்னாச்சு?

சிவராமன்: விரல்ல...

செண்பகம்: கொடுக்கு உள்ள நிக்குது, விஷத்தை இறக்கிக்கிட்டே இருக்கும். சட்டுனு வழிச்சு எடுங்க. அந்த நோட்டு அட்டையாலேயே சுரண்டுங்க.

(சுரண்டுகிறார். பழக்க தோஷம், பேனாவைத் திறக்கிறார்.)

சிவராமன்: உருப்படி நாலு. கொட்டு, ஒண்ணு. பற்று... (பேனா நிற்கிறது.)

செண்பகம்: எழுதுங்க. யார் தேனீ கொட்டுச்சுன்னு எழுதுங்க.

(சிவராமன் பெட்டியைப் பார்க்கிறார். விரலைப் பார்க்கிறார். உருப்படி நாலை அடிக்கிறார்.)

செண்பகம்: அந்த நோட்டுல இன்னும் எத்தனை பக்கம் காலியா இருக்குண்ணே?

சிவராமன்: பாதி இருக்கும். ஏன்?

செண்பகம்: கிழிச்சு எனக்குக் குடுங்க. நாளைக்கு எங்க வீட்டுல வெள்ளைத் துணியெல்லாம் துவைக்கிறேன்.