கல்விச்சபைப் புள்ளடியை யாருக்குப் போடுவது?

உள்ளூராட்சித் தேர்தல் வந்தால் நகரபிதா யார், மாநகரசபைக்கு யார் என்று வாரக்கணக்கில் கதைக்கிறோம். அதே வாக்குச்சீட்டில் இருக்கும் கல்விச்சபை உறுப்பினர் பகுதிக்கு வந்ததும், தமிழ்ப் பெயர் தென்பட்டால் அதற்கொரு புள்ளடி. தென்படாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். 2022 அக்டோபர் 24 தேர்தலில் ரொறொன்ரோவில் வாக்களிக்கப் போனவர்களே 30 வீதம் இல்லை. ஏறத்தாழ 600 பாடசாலைகளையும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் கொண்ட ரொறொன்ரோ மாவட்டக் கல்விச்சபையின் 22 உறுப்பினர்களை அன்றைக்கு இப்படித்தான் தெரிவு செய்தோம். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விடயம்.

வேட்பாளர் தமிழரா, ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் என்பதற்கு முன்னர் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: இந்தக் கதிரையால் என்ன முடியும், என்ன முடியாது என்று அவருக்குத் தெரியுமா? வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகும் துண்டுப்பிரசுரத்திலேயே அது தெரிந்துவிடும். "பாடத்திட்டத்தை மாற்றுவேன்" என்று எழுதியிருந்தால் அவருக்குத் தெரியாது. பாடத்திட்டம் மாகாணக் கல்வி அமைச்சின் வேலை. "வகுப்பில் பிள்ளைகளைக் குறைப்பேன்" என்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள். 1 முதல் 3ஆம் வகுப்பு வரை, 90 வீதமான வகுப்புகளில் 20 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது, எந்த வகுப்பும் 23ஐத் தாண்டக்கூடாது என்பது மாகாண விதி. அதற்கும் கீழே கொண்டுவர மேலதிக ஆசிரியர் வேண்டும், அந்தச் சம்பளத்தை வேறெங்கோ வெட்டித்தான் எடுக்கவேண்டும். எங்கே வெட்டுவார்? பதில் வைத்திருப்பவர் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

காசு விடயத்தில் கொஞ்சம் வரலாறு தெரியவேண்டும். 1998க்கு முன் ஒன்ராறியோவின் கல்விச்சபைகள் சொத்து வரியைத் தாங்களே தீர்மானித்தன. அப்போதைய மாகாண முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு 1997இல் கொண்டுவந்த சட்டங்கள் 129 சபைகளை 72 ஆக்கின, வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணத்திடம் கொடுத்தன, உறுப்பினரின் கொடுப்பனவை ஆண்டுக்கு 5,000 டொலருக்குள் அடக்கின. அந்த 5,000 பின்னர் கூடியது, வரி அதிகாரம் திரும்பவில்லை. இன்றைக்கு வருமானத்தை ஒருவர் தீர்மானிக்க, செலவுக்கு இன்னொருவர் பதில் சொல்கிறார். துண்டு விழுந்தால் என்ன நடக்கும் என்பதை 2002இல் பார்த்தோம்: சமநிலையான வரவுசெலவுத் திட்டத்தைத் தர மறுத்த ரொறொன்ரோ, ஒட்டாவா, ஹமில்ரன் சபைகளுக்கு மாகாணம் நியமித்த மேற்பார்வையாளர்கள் வந்து இறங்கினார்கள். 2025 ஜூனில் திரும்பவும் அதே கதை. ரொறொன்ரோவின் பொதுச் சபை, கத்தோலிக்கச் சபை இரண்டோடு ஒட்டாவா, டஃபரின்-பீல் சபைகளும் மாகாண மேற்பார்வைக்குள் போயின. நாங்கள் தெரிவு செய்தவர்கள் இருக்க, முடிவெடுக்கும் அதிகாரம் அமைச்சர் நியமித்தவர் கைக்குப் போனது. ஆகவே வேட்பாளரிடம் இதையும் கேட்கவேண்டும்: பற்றாக்குறை வந்தால் எதை முதலில் தொடுவீர், எதைக் கடைசி வரைக்கும் தொடமாட்டீர்?

உறுப்பினருக்கு வேலையே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிடக்கூடாது. சாதாரண காலத்தில், சபையின் கல்விப் பணிப்பாளரை நியமிப்பதும் அவருடைய வேலையை ஒவ்வொரு ஆண்டும் மதிப்பிடுவதும் இவர்கள்தான். பல ஆண்டுத் திட்டம், வரவுசெலவு, பாடசாலை எல்லைகள் எல்லாம் இவர்களின் வாக்கில்தான் நிற்கின்றன. ஆனால் தனி உறுப்பினர் ஒருவருக்கு எந்த ஆசிரியருக்கும் அதிபருக்கும் கட்டளையிட அதிகாரமில்லை. அன்றாட நிர்வாகத்தை அலுவலர்களிடம் விடவேண்டும் என்று கல்விச் சட்டமே சொல்கிறது. "எனக்கு ஒரு போன் எடுங்கோ, அதிபரோட நான் கதைக்கிறன்" என்று வாக்குக் கேட்பவரிடம் கவனம். முதலில் ஆசிரியர், பிறகு அதிபர், அதற்கு மேல் சபையின் கண்காணிப்பாளர் (superintendent), அங்கேயும் முடியாவிட்டால் உறுப்பினர். அந்த ஒழுங்கைப் பெற்றோருக்கு விளங்கப்படுத்தி, எழுத்தில் கேட்க வைப்பவரே உதவுகிறவர்.

விசேட கல்வியில் இது நன்றாகத் தெரியும். பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருக்கிறது என்றால், அந்தத் தேவையை அடையாளம் கண்டு பொருத்தமான வகுப்பில் இடமொதுக்கும் குழுவை (IPRC) கூட்டும்படி பெற்றோர் அதிபரிடம் எழுத்தில் கேட்கலாம். கேட்டால் அதிபர் மறுக்க முடியாது. 15 நாட்களுக்குள் பதிலும் தரவேண்டும். எங்கட ஆட்கள் பலர் பெற்றோர் சந்திப்பில் வாயால் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வாயால் சொன்னதற்குத் திகதி இல்லை. திகதி இல்லாத கோரிக்கைக்கு 15 நாள் ஓடாது.

தமிழ் வகுப்பும் அப்படித்தான். ஒவ்வொரு தேர்தலிலும் இதை யாரோ ஒருவர் வாக்குறுதியாகத் தருகிறார். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் 25 பேருக்காகப் பெற்றோர் எழுத்தில் கேட்டால், அந்த மொழி வகுப்பைச் சபை நடத்தியே ஆகவேண்டும் என்பது மாகாண விதி. வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் வரை. பிள்ளையின் பெயர், வகுப்பு, பாடசாலை, பெற்றோர் கையெழுத்து எல்லாம் இருக்கிற கடிதமாகக் கொடுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டும் உள்ள பட்டியல் யாருடைய மேசையிலாவது கிடக்கும். விதியில் இருப்பதைத் தன் கொடையாகக் காட்டுபவரைவிட, எந்தப் பாடசாலையில், எந்த நாளில், பிள்ளைகள் எப்படி வந்துபோவார்கள் என்று யோசித்து வந்தவரே மேல்.

பின்னணிக்கு வருவோம். போட்டியிட 18 வயது, கனடியக் குடியுரிமை, சபையின் எல்லைக்குள் வதிவிடம், 100 டொலர் கட்டணம் போதும். மாநகரசபை வேட்பாளருக்கு வேண்டிய 25 பேரின் கையெழுத்துகூட இங்கே தேவையில்லை. அதனால் பெயர்ப் பட்டியல் நீண்டுவிடும், பிரித்துப் பார்க்கும் வேலை எங்கள் தலையில். என்னைக் கேட்டால், பட்டங்களைவிட பாடசாலைப் பெற்றோர் மன்றத்தில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பது பெரியது. ஒவ்வொரு பாடசாலையிலும் அந்த மன்றம் இருக்கவேண்டும், ஆண்டுக்கு நான்கு தடவையாவது கூடவேண்டும். அங்கே உட்கார்ந்தவருக்கு அதிபரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்று தெரிந்திருக்கும். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரென்றால் கூட்டக் குறிப்புகள் பொதுவில் உள்ளன: எத்தனை கூட்டத்துக்கு வந்தார், எதற்கு வாக்களித்தார் என்று பாருங்கள்.

இந்தக் கதிரை மேலே போகும் படியாகவும் இருந்திருக்கிறது. யுவனிதா நாதன் 2010இல் யோர்க் பிராந்தியக் கல்விச்சபைக்கு வந்து, 2022இல் மார்க்கம் நகரசபைக்கும் 2025இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். பார்த்தி கந்தவேள் 2014இலிருந்து ரொறொன்ரோ கல்விச்சபையில் இருந்து, 2023 இடைத்தேர்தலில் மாநகரசபைக்குப் போனார். பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் போவதில் பிழை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பாதியில் ஒரு கதிரை காலியானால், மீதியுள்ளவர்கள் ஒருவரை நியமிக்கலாம், அல்லது இடைத்தேர்தல் வைக்கலாம். நியமனம் என்றால் உங்கள் வாக்குக்கு அதில் இடமில்லை. "நான்கு வருடமும் இருப்பீர்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

கடைசியாக, எங்கட சனம் அதிகம் கோட்டைவிடும் இடம். ஒருவருக்கு ஒரு கல்விச்சபை வாக்குத்தான். ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்கம், பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்கம் என்ற நான்கில் எதன் ஆதரவாளராகப் பதிவாகியிருக்கிறீர்களோ அதற்கான சீட்டுத்தான் கிடைக்கும். எதையும் சொல்லாவிட்டால் ஆங்கிலப் பொதுச் சபை. பிள்ளை கத்தோலிக்கப் பாடசாலைக்குப் போவதாலேயே பதிவு மாறிவிடாது. கத்தோலிக்கப் பெற்றோர் பலருக்கு இது வாக்குச்சாவடியில் சீட்டை விரித்துப் பார்க்கும்போதுதான் தெரியவருகிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு உண்டு. ஒன்ராறியோ தேர்தல் அலுவலகத்தின் (Elections Ontario) வாக்காளர் பதிவேட்டில் உங்கள் பதிவு எப்படி இருக்கிறது என்று கோடை முடியுமுன் பார்த்து, பிழையென்றால் அப்போதே திருத்திவிடுங்கள்.